மீட்டரைச் சுற்றிய பழைய வயரிங்: மும்பைத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

ஊரில் மின்வாரியத்தின் கம்பம் தெருவில் நிற்கும், மீட்டர் வாசல் சுவரில் இருக்கும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை வாரியம், அதற்கு இப்பால் நாம் என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. மும்பையில் அப்படி இல்லை. மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்துப் பழைய கட்டடங்களில் மீட்டர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில், பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில், ஓர் இருட்டு அறைக்குள் வரிசையாக இருக்கும். நான்காம் மாடியில் குடியிருப்பவர் தன் மீட்டரைக் கண்ணால் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே நான்கு மாடி உயரத்துக்கு ஓடும் வயரை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், யார் மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார்.

இந்த நகரத்தின் பழைய கட்டடங்களில் வயரிங் வேலையை மேற்பார்வை பார்ப்பவன் என்ற முறையில், நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அந்த வயருக்கு உரியவர் யார் என்பது ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. தீப்பிடிப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மீட்டரைச் சுற்றி இருக்கும் பழைய வயரிங்குக்கு யார் பொறுப்பு?

மூன்று பேர் பொறுப்பு. தெருவிலிருந்து வரும் சர்வீஸ் கேபிள், அது வந்து முடியும் கட்-அவுட் என்ற ஃபியூஸ் பெட்டி, முத்திரை வைத்த மீட்டர் ஆகியவை மின்விநியோக நிறுவனத்தைச் சேர்ந்தவை. மீட்டரிலிருந்து கிளம்பி உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் வரை ஏறும் வயர் கட்டடத்தைச் சேர்ந்தது. கட்டடம் என்றால் சொசைட்டி, அதாவது குடியிருப்பவர்களின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். சொசைட்டி இல்லாத இடத்தில் கட்டட உரிமையாளர். மெயின் சுவிட்சுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது.

இது நான் வகுத்த பிரிவு இல்லை. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விநியோக விதித்தொகுப்பு, வீடுகளுக்கான தாழ்வழுத்த இணைப்பில் நிறுவனத்தின் கட்-அவுட்டிலிருந்து மின்சாரம் வெளியேறும் முனையையே மின்சாரம் வழங்கப்படும் இடமாக வைக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்டவை. உங்கள் இடத்துக்குள்ளே இருந்தாலும், தனக்குச் சொந்தமான கம்பியும் கருவியும் ஆபத்தில்லாத நிலையில் இருப்பதற்கு நிறுவனமே பொறுப்பு என்பது அதில் உள்ள கடமை. அதே விதிமுறைகள் நுகர்வோர் மீதும் இரண்டு கடமைகளை வைக்கின்றன. தன் கட்டுப்பாட்டில் உள்ள வயரிங்கை அவர் பத்திரமான நிலையில் பராமரிக்க வேண்டும். தன் இடத்தில் உள்ள நிறுவனத்தின் பொருள்களுக்கும் இயன்ற அளவு பாதுகாப்புக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, “உங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறது, எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று நிறுவன ஊழியர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். “மீட்டர் அறையே அவர்களுடையது” என்று சொசைட்டிச் செயலாளர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கட்-அவுட் என்பது எது? எப்படி அடையாளம் காண்பது?

தரைக்கு அடியிலிருந்து கைத்தடிமனில் ஒரு கேபிள் வந்து ஓர் இரும்புப் பெட்டிக்குள் முடியும். அந்தப் பெட்டிக்குள் பெரிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருக்கும். நிறுவனத்தின் முத்திரையோ எண்ணோ பெட்டி மேல் இருக்கும். அதுதான் கட்-அவுட். அங்கிருந்து வயர்கள் பிரிந்து ஒவ்வொரு மீட்டருக்கும் போகும். மீட்டரிலிருந்து வெளிவரும் வயர் உங்களுக்கென்று உள்ள சின்ன சுவிட்சுக்கோ ஃபியூஸ் கட்டைக்கோ வந்து, பிறகு சுவரோடு மேலே ஏறும். கதவுக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்தாலே இந்த வரிசை புரிந்துவிடும். உள்ளே கைவிட வேண்டாம்.

கட்-அவுட்டுக்கும் மீட்டருக்கும் நடுவில் உள்ள துண்டு வயர் கருகியிருக்கிறது. அது யார் கணக்கு?

அதிகமான சண்டை இந்த ஒரு முழ வயரில்தான் வருகிறது. கட்-அவுட்டின் வெளிமுனையோடு தன் எல்லை முடிந்துவிட்டது என்று நிறுவனம் சொல்லும். அந்த வயரோ முத்திரையிட்ட மீட்டருக்குள் நுழைகிறது, நாங்கள் எப்படித் தொடுவது என்று சொசைட்டி கேட்கும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இதில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். யார் தொடலாம் என்பது ஒன்று, யார் பணம் கொடுப்பது என்பது மற்றொன்று. தொடும் அதிகாரம் நிறுவனத்துக்கு மட்டுமே. மீட்டரின் முனை மூடியை வேறு யாரும் திறக்கக் கூடாது. ஆகவே முதல் கடிதம் நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்: “கருகியிருக்கிறது, வந்து பாருங்கள், பார்த்ததை எழுதிக் கொடுங்கள்.” பணம் யாருடையது என்ற பேச்சைப் பரிசோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வயரைச் சொசைட்டி வாங்கித் தர வேண்டும் என்று முடிவானாலும் பெரிய தொகை ஆகப்போவதில்லை. அந்தச் சிறு தொகைக்காகக் கருகிய முனையை மாதக்கணக்கில் விட்டு வைத்திருக்கும் கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மேலே குழந்தைகள் தூங்குகிறார்கள்.

“உன் வீட்டுக்குப் போகும் வயர், உன் செலவு” என்கிறது சொசைட்டி. சரியா?

பெரும்பாலான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் இது சரியில்லை. மகாராஷ்டிர அரசின் மாதிரித் துணைவிதிகளில் (பை-லாஸ்), சங்கம் தன் செலவில் செய்ய வேண்டிய பழுதுபார்ப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. படிக்கட்டு, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், லிப்ட் இவற்றோடு, வீடுகளில் உள்ள மெயின் சுவிட்ச் வரையிலான மின்வயர்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. பட்டியலில் இல்லாத வேலைகள்தாம் உறுப்பினர் தலையில் விழும்.

உங்கள் சங்கம் ஏற்றுக்கொண்ட துணைவிதிப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படியுங்கள். மாதிரியை மாற்றி ஏற்றுக்கொண்ட சங்கங்களும் இருக்கலாம். புத்தகத்தின் நகலைக் கேட்டுப் பெற உறுப்பினருக்கு உரிமை உண்டு.

பணம் இல்லை என்ற பதிலும் வரும். அதே துணைவிதிகள், வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதத்தைப் பராமரிப்பு நிதியாகவும், 0.25 சதவீதத்தை நீண்டகால மூழ்கு நிதியாகவும் (சிங்கிங் ஃபண்ட்) வசூலிக்கச் சொல்கின்றன. வசூலித்த பணம் எங்கே போனது என்று பொதுக்குழுவில் கேட்பது உறுப்பினரின் உரிமை. பெயின்ட் அடிக்கவும் நுழைவாயில் வளைவு கட்டவும் உடனே ஒப்புதல் தரும் பொதுக்குழுக்கள், கண்ணில் படாத வயருக்கு மட்டும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கின்றன. இந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் சங்கங்களில்கூட, மராத்தியோ இந்தியோ சரளமாக வராத காரணத்தால் நம்மவர்கள் வாய் திறக்காமல் திரும்புகிறார்கள். பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சொசைட்டி பக்கம் நியாயம் இருக்கலாம். நீங்கள் இரண்டு ஏசி வாங்கி, உங்களுக்கு மட்டும் தடிமனான தனி வயர் வேண்டும் என்று கேட்டால், அந்தக் கூடுதல் செலவை நீங்களே ஏற்கச் சொல்வது முறைதான்.

எங்கள் கட்டடம் பகடி முறையில் (முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் நீண்டகாலம் குடியிருக்கும் முறை) இருக்கும் பழைய சால் (வரிசையாக அறைகள் உள்ள குடியிருப்பு). சொசைட்டியே கிடையாது. உரிமையாளர் வாடகை வாங்க மட்டும் ஆள் அனுப்புகிறார். என்ன செய்வது?

1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், இடத்தைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமையை உரிமையாளருக்குத் தருகிறது. பழுதுபார்க்கச் சொல்லி எழுத்தில் 15 நாளுக்குக் குறையாத அறிவிப்புக் கொடுத்தும் அவர் அசையாவிட்டால், குடியிருப்பவர்கள் தனியாகவோ சேர்ந்தோ வேலையைச் செய்துகொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டில் கழிக்கக்கூடிய தொகைக்கு வரம்பு இருக்கிறது. பகடி வாடகை மிகக் குறைவு என்பதால் அந்த வழியில் திரும்பக் கிடைக்கும் பணம் சொற்பமே. அதனால்தான் யாரும் முன்வருவதில்லை.

என் கருத்து இது: மாடியில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து அறிவிப்பு அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் செய்யாவிட்டால் பங்கு போட்டுச் செய்துவிடுங்கள். திரும்ப வாங்கும் வழக்கை அப்புறம் பார்க்கலாம். வயரிங் மாற்றிவிட்டால் வாடகை உரிமை போய்விடும், மறுசீரமைப்பில் பங்கு குறையும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அறிவிப்பின் நகலும் வேலைக்கான பில்லும் கையில் இருந்தால், நீங்கள் அங்கே குடியிருந்ததற்கு அவை சான்றாகத்தான் நிற்கும்.

பழி தீர்க்க மின்சாரத்தை நிறுத்துவது, பொதுப் படிக்கட்டு விளக்கை அணைப்பது போன்ற வேலைகளை உரிமையாளர் செய்தால் அதற்கும் அந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது. மின்சாரம் அதில் அத்தியாவசியச் சேவை.

லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் 11 மாத வாடகைக்கு இருக்கிறேன். நான் செலவு செய்ய வேண்டுமா?

தேவையில்லை. பல்பும் சுவிட்சும் உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்லலாம், அது வேறு. வயரிங் வீட்டுக்காரரைச் சேர்ந்தது. ஆனால் பழுதைக் கண்டவுடன் அவருக்குப் படத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள்.

தாராவியில் சந்துச் சுவரில் மீட்டர் பெட்டி இருக்கிறது. அங்கிருந்து எங்கள் அறைக்கு வயர் பல வீட்டுத் தகரத்தைத் தாண்டி வருகிறது. இது யாருடையது?

மீட்டர் வெளியே இருந்தால் அதன் பாதுகாப்பு நிறுவனத்தின் கடமை. பெட்டிக் கதவு உடைந்து தொங்கினால், மழைநீர் உள்ளே போனால், உடனே நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரையிலான தீவு நகரத்தில் ‘பெஸ்ட்’ விநியோகம் செய்கிறது. தாராவியும் அதில் அடக்கம்.

மீட்டரிலிருந்து அறைக்கு வரும் வயர் உங்களுடையது. இங்கே ஆபத்து வேறு விதமானது. நாலைந்து வீட்டு வயர்கள் ஒரே கட்டாகத் தகரக் கூரையின் விளிம்பில் உரசிக்கொண்டு போகும். ஓரிடத்தில் உறை தேய்ந்தாலும் கூரை முழுவதும் மின்சாரம் ஏறும். மழையில் ஒருவர் தகரத்தைத் தொட்டால் முடிந்தது. உங்கள் வயரை மட்டும் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, தகரத்தில் படாமல் சுவரில் கிளிப் அடித்துக் கொண்டுவாருங்கள். இரண்டு முனையிலும் அறை எண்ணை எழுதி ஒட்டுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அவருடைய வயர் தேய்ந்திருந்தால் உங்களுக்கும் ஆபத்துதான்.

மேல்மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டுக்காரர் தனியாக வைத்திருக்கும் துணை மீட்டருக்கும் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்கும் அதன் வயருக்கும் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு டாட்டா பவர் பில் வருகிறது. ஆனால் கட்டடத்துக்கு வரும் கேபிள் அதானியுடையது என்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?

புறநகரில் இப்படி உண்டு. ஒரு நிறுவனத்தின் கம்பி வழியாகவே இன்னொரு நிறுவனத்தின் மின்சாரத்தை வாங்கும் ஏற்பாடு மும்பையில் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கம்பியை முன்பு ரிலையன்ஸ் வைத்திருந்தது, 2018-இல் அதானிக்குக் கைமாறியது. பில் போடுபவரிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். கம்பி மற்றவருடையது என்று அவர் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லி, அந்த எண்ணோடு கம்பிக்காரரிடம் போங்கள். இரண்டு கடிதங்களும் கையில் இருந்தால் உங்களை அலைக்கழிப்பது கடினம். முலுண்டிலும் பாண்டுப்பிலும் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு, அங்கே மாநில அரசின் மின்விநியோக நிறுவனமான மகாவிதரண்.

எங்கள் வயரிங் பழையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணுக்குத் தெரிபவை சில. மரப் பட்டைக்குள் ஓடும் வயர், மரப் பலகை மேல் பொருத்திய மீட்டர், துணி சுற்றிய வயர், கறுப்பு ரப்பர் உறை. ரப்பர் காய்ந்து விரலால் தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும் (தொட்டுப் பார்க்க வேண்டாம், டார்ச் வெளிச்சத்தில் வெடிப்பு தெரியும்). வயரின் அளவை 3/22, 1/18 என்று சொல்லும் மூத்த வயர்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கட்டடத்து வயர் அந்தக் கணக்கில் வாங்கப்பட்டது என்றால் அது சதுர மில்லிமீட்டர் கணக்கு வருவதற்கு முந்தையது. 3/22 என்றால் 22-ஆம் எண் கம்பி மூன்று இழை. மொத்தம் சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர் செம்புதான்.

அலுமினிய வயரும் ஒரு குறி. அலுமினியம் திருகுக்கு அடியில் மெதுவாக நசுங்கி விலகும். வருடங்கள் போகப்போக இணைப்பு தளர்ந்து அந்த இடம் சூடாகும். அதோடு செம்பு வயரை நேராக முறுக்கிவிட்டால், மும்பையின் கடல் ஈரத்தில் அந்த முடிச்சு அரித்துப்போகும். நான் பார்த்தவரை, கருகிய மீட்டர் பலகைகளில் பெரும்பாலும் முதலில் கருகியிருப்பது வயரின் நடுப்பகுதி இல்லை, இப்படிப்பட்ட ஒரு தளர்ந்த முனைதான்.

வீட்டுக்குள்ளிருந்தும் அறிகுறி தெரியும். கீசர் போட்டதும் விளக்கு மங்குவது, மெயின் சுவிட்ச் மூடி வெதுவெதுப்பாக இருப்பது, மீட்டர் அறைப் பக்கம் ரப்பர் கருகிய நெடி அல்லது கருவாடு போன்ற நாற்றம், மெல்லிய இரைச்சல், குழாயைத் தொட்டால் சுரீரென்பது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

சந்தேகம் தீர ஒரு பரிசோதனை இருக்கிறது. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் செலுத்தி வயரின் காப்புத் தடையை, அதாவது மின்சாரம் கசியாமல் உறை தடுக்கும் அளவை, அளப்பார். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயரிங் தேறாது. அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பொதுக்குழுவில் பத்துப் பேச்சைவிட இந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

நாற்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே, ஏன் மாற்ற வேண்டும்?

நாற்பது வருடத்துக்கு முன் அந்த வயரில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஒரு ரேடியோவும் ஓடின. இன்று அதே வயரில் ஒன்றரை டன் ஏசி சுமார் 7 ஆம்பியர், 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர், இண்டக்ஷன் அடுப்பு இன்னொரு 9 ஆம்பியர். காலை ஏழு மணிக்கு மூன்றும் சேர்ந்து ஓடினால் 25 ஆம்பியர். அறைக்கு ஒரு 3/22 வயர் போட்ட பழைய சாலில் அது 15 ஆம்பியரைக்கூட நிம்மதியாகத் தாங்காது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். வயரின் உறை ஒவ்வொரு கோடையிலும் இன்னும் கொஞ்சம் காய்ந்துகொண்டே வருகிறது.

ஏசி வாங்கும்போது நிறுவனத்திடம் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த விண்ணப்பிப்பது இதனால்தான் முக்கியம். நம்மவர்கள் மாதக் கட்டணம் கூடும் என்று தவிர்க்கிறார்கள். விண்ணப்பித்தால்தான் உங்கள் கட்டடத்துக்கு வரும் கேபிள் போதுமா என்ற கணக்கை நிறுவனம் பார்க்கும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. தடித்த கம்பி கட்டிவிட்டார் வாட்ச்மேன். பரவாயில்லையா?

இன்றே எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் உருகவில்லை என்றால் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பலகைகளில் பேஸுக்கு (மின்சாரம் வரும் வயர்) ஒன்று, நியூட்ரலுக்கு (அது திரும்பிப் போகும் வயர்) ஒன்று என்று இரண்டு ஃபியூஸ் கட்டைகள் இருக்கும். நியூட்ரலில் ஃபியூஸ் கூடாது என்பது இப்போதைய விதி. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் வீட்டில் எதுவும் எரியாது, ஆனால் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பவர் உயிருக்கு அது ஆபத்து. மூன்று பேஸ் வரும் கட்டடத்தில் பொது நியூட்ரல் தளர்ந்தால் வேறு வகைக் கேடு. 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். ஒரே மாலையில் பல வீடுகளில் டிவியும் பிரிட்ஜும் எரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வீட்டுக்குள் எல்லாம் புது வயர், புது எம்சிபி. இனி பயமில்லைதானே?

உங்கள் எம்சிபி (மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) அதற்குப் பிறகு ஓடும் வயரைக் காக்கும். கீழே மீட்டரிலிருந்து உங்கள் வாசல் வரை வரும் பழைய வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனால் அதற்குத் தெரியவே தெரியாது. அந்த வயரின் தொடக்கத்தில், மீட்டர் அறையிலேயே, சரியான அளவில் ஒரு எம்சிபி இருக்க வேண்டும்.

ஷாக்கிலிருந்து காப்பதும் எம்சிபியின் வேலை இல்லை. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச்) வேண்டும். வைத்ததும் அடிக்கடி விழுகிறது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பக்கத்து வீட்டு நியூட்ரல் உங்களுடையதோடு கலந்திருக்கிறது. காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

எர்த்தை மறந்துவிடாதீர்கள். பல சால்களில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. தன் பக்கத்து எர்த் முனையைத் தொடக்க இடத்தில் தருவது நிறுவனத்தின் கடமை. அதை வீடு வரை கொண்டுவருவது கட்டடத்தின் வேலை. புது வயர் ஏற்றும்போது கூடவே பச்சை வயரையும் ஏற்றிவிடுங்கள். தனியாகப் பிறகு செய்யலாம் என்று விட்டால் நடப்பதில்லை.

தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி, மீட்டர் முத்திரையை நீக்கிவிட்டு அரை மணி நேரத்தில் பழைய வயரை மாற்றித் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். மீட்டரில் கை வைப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் தரக்கூடிய குற்றம். மின்திருட்டு என்ற சந்தேகமும் உங்கள் மேல் விழும். அதைவிட முக்கியமாக, கட்-அவுட்டுக்கும் மீட்டருக்கும் இடையே அவர் அணைக்கக்கூடிய சுவிட்ச் பெரும்பாலும் கிடையாது. உயிருள்ள வயரில் வேலை செய்யப் போகிறார். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை.

மற்ற பகுதி வேலையைக்கூட உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும். முடிந்ததும் அவர் தரும் பரிசோதனை அறிக்கையைத்தான் நிறுவனம் ஏற்கும். வயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று சுருளைப் பிரிக்கும் முன்பே பாருங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் மாற்ற வருகிறார்கள். பழைய வயரையும் மாற்றிவிடுவார்களா?

மீட்டரை மட்டும்தான் மாற்றுவார்கள். ஆனாலும் அன்று நீங்களோ சொசைட்டி ஆளோ பக்கத்தில் இருங்கள். முத்திரைக்குப் பின்னால் இருக்கும் வயர் முனை வெளியே தெரியும் நாள் அது. படம் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பழைய வயரை வளைத்துப் புதிய முனையில் சொருகும்போது உறை வெடிக்கும், திருகு சரியாக இறுகாது. முனை கருகியிருந்தால் வெட்டிவிட்டு நல்ல செம்பில் சொருகச் சொல்லுங்கள். புதிய மீட்டர் வைத்த சில நாள்களில் நெடி வந்தால் உடனே புகார் செய்யுங்கள்.

மீட்டர் அறையில் பழைய சைக்கிள், துடைப்பம், பேப்பர்க் கட்டுகள் வைத்திருக்கிறார்கள். பெரிய விஷயமா?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் செலவே இல்லாமல் இன்று மாலையே சரிசெய்யக்கூடியது இது. பழைய கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. மீட்டர் அறை அதன் அடியில். அங்கே ஒரு முனை பொறி விட்டால் பலகை மட்டும் கருகி அணைந்துவிட வாய்ப்பு உண்டு. பேப்பரும் பிளாஸ்டிக்கும் இருந்தால் படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும். மேலே இருப்பவர்களைத் தீ நெருங்கும் முன்பே புகை கொன்றுவிடும்.

மழைக்காலம் தனிக் கவலை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அவ்வளவு வேண்டாம், சயானிலும் மாட்டுங்காவிலும் சாதாரண ஜூலை மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. வயரிங் மாற்றும்போது மீட்டர் பலகையை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தித் தரச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். தண்ணீர் ஏறிய அறைக்குள் யாரும் இறங்கக் கூடாது.

மீட்டர் அறையில் இப்போதே பொறி பறக்கிறது. முதலில் என்ன?

தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயணைப்புக்கு 101, மின்நிறுவனத்துக்கு பில்லில் உள்ள அவசர எண் அல்லது 1912. கரியமிலவாயு அல்லது உலர்பொடி அணைப்பான் இருந்து, பயன்படுத்தத் தெரிந்தவர் இருந்தால், வெளியே போகும் வழியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அடிக்கலாம். படிக்கட்டில் ஏற்கெனவே புகை நிறைந்திருந்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்க வேண்டாம். கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, ஜன்னல் பக்கம் நின்று குரல் கொடுங்கள்.

மீட்டரே எரிந்துவிட்டது. புதிய மீட்டருக்கு என்னிடம் பணம் கேட்கிறார்கள்.

மகாராஷ்டிர விதித்தொகுப்பில் ஒரு நுகர்வோரிடம் மீட்டரின் விலையை ஒரு முறைக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்பது பொதுவிதி. எரிந்த மீட்டரும் காணாமல் போன மீட்டரும் அதற்கு விலக்கு. ஆகவே கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஏன் எரிந்தது என்பதைக் கேளுங்கள். நிறுவனத்தின் பக்கத்து முனை தளர்ந்து எரிந்ததா, உங்கள் பக்கத்து அதிகச் சுமையால் எரிந்ததா? ஆய்வுக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முன்பே நீங்கள் கொடுத்த புகார் எண் இருந்தால் அதுவே உங்கள் வாதம். பணத்தை ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிவிட்டு இணைப்பை வாங்கிக்கொண்டு, வழக்கைத் தொடரலாம்.

புகார்க் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? அதன் பிறகு எங்கே போவது?

மராத்தி, இந்தி, ஆங்கிலம் எதுவானாலும் சரி, கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நுகர்வோர் எண், மீட்டர் எண், கட்டட முகவரி. பார்த்தது என்ன, எந்தத் தேதியில்: “மீட்டரின் உள்வரும் முனையில் கருகல்; கட்-அவுட் மூடி உடைந்திருக்கிறது.” படங்கள். பிறகு மூன்று கோரிக்கைகள்: இடத்தை ஆய்வு செய்யுங்கள், எது உங்கள் பொறுப்பு எது எங்கள் பொறுப்பு என்று எழுத்தில் தாருங்கள், உங்கள் பகுதியைச் சரிசெய்யுங்கள். நகல் சொசைட்டிக்கு. கொடுத்ததற்கு முத்திரையோ எண்ணோ வாங்காமல் திரும்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் செயலாளருக்கு அனுப்பிய படம் கடிதம் ஆகாது.

நிறுவனம் பதில் தராவிட்டால் அதற்குள்ளேயே உள்ள புகார் தீர்க்கும் அமைப்பு, அடுத்து நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்கும் மேலே மின்சாரக் குறைதீர்ப்பாளர். கடைசி இரண்டும் மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தரும் வழிகள். வக்கீல் இல்லாமலே நீங்கள் பேசலாம். சொசைட்டி அசையாவிட்டால் கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளரிடம் போங்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் இவை எதற்கும் காத்திருக்காமல், மாநில அரசின் மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள். இடத்தை ஆய்வு செய்யவும் பழுதைச் சரிசெய்யும்படி உத்தரவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. சொசைட்டியும் நிறுவனமும் கட்டட உரிமையாளரும் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள்.